நாடாவும் இசைத்தட்டும்

ஹார்ட் ராக் இசையைப் பற்றி இதுவரை எழுதப்பட்டுள்ள விமரிசனங்களில் பெரும்பாலானவை ஒரு குழுவின் சரித்திரத்தை அதன் முதல் ஆல்பம் கடைக்கு வந்த தேதியிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்திய ஆண்டுகள், அதாவது கையில் காசில்லாமல் இருந்த காலமும், கிளப்புகளில் இரவு இரவாக வாசித்துத் தேறிய காலமும், கம்பெனிகளின் கதவைத் தட்டித் திரும்பிய காலமும், ஒரு முன்கதையாக இரண்டொரு பத்திகளில் முடிந்துபோகின்றன. எழுதுகிறவர்களுக்கு இது சௌகரியமான ஏற்பாடுதான். இசை உருவான விதத்தை அறிய விரும்புகிறவர்களுக்கோ இதனால் பெரிய நஷ்டம். ஏனெனில் இந்த இசைவகையில் முதல் ஆல்பம், தொடக்கம் என்ற பெயரோடு நம் கைக்கு வந்தாலும், நான்கைந்து ஆண்டு உழைப்பின் முடிவாகவே பெரும்பாலும் அமைகிறது. அந்த உழைப்பில் எது நிலைத்தது, எது கைவிடப்பட்டது, எது பிறருடைய யோசனையால் புகுந்து பிறகு விலக்கப்பட்டது என்பதற்கெல்லாம் எஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சியம் டெமோ என்று இசையுலகம் வழங்கும் மாதிரி ஒலிப்பதிவு ஒன்றே. டெமோவைக் கேளாமல் முதல் ஆல்பத்தை மதிப்பிடுவது பூரணமாகாது என்பதே என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமாகச் சில குழுக்களின் அனுபவத்தை இங்கே பரிசீலிக்கலாம்.

டெமோ பொதுஜனங்களை உத்தேசித்துச் செய்யப்படுவதன்று. கம்பெனி அதிகாரி ஒருவர், தம் மேஜைமீது குவிந்து கிடக்கும் நாடாக்களில் ஒன்றை எடுத்து ஓடவிட்டு, முதல் பாட்டில் ஒரு நிமிஷம் போவதற்குள், மேற்கொண்டு கேட்பதா, ஒதுக்கிவிடுவதா என்று தீர்மானித்துவிடுவார். அந்த ஒருவருடைய அந்த ஒரு நிமிஷத்தைக் குறிவைத்தே அது பதிவாகிறது. பாட்டுகளின் வரிசை, காலப்பிரமாணம், எந்த வாத்தியம் முன்னே கேட்க வேண்டும் என்பன எல்லாம் அந்த நோக்கத்துக்குக் கட்டுப்பட்டவை. செலவு குறைவு, நேரமும் குறைவு, பிழை நேர்ந்தாலும் திருத்த இயலாமல் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. இத்தனை நிர்ப்பந்தங்களுக்கு நடுவே பிறப்பதாலேயே, குழுவின் இயல்பான ஒலி சில சமயம் டெமோவில் மறைப்பின்றி வெளிப்பட்டுவிடுகிறது.

எல்லாக் குழுக்களுக்கும் இந்தப் படி இருந்ததென்று சொல்ல முடியாது. ஜிம்மி பேஜ் 1968-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் தம் சொந்தப் பணத்தைப் போட்டு, 36 மணி நேர வேலையில், 1,782 பவுண்டுச் செலவில் ஓர் ஆல்பத்தையே முடித்துவிட்டு, முடிந்த சரக்கையே அட்லாண்டிக் கம்பெனியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மறு ஆண்டு ஜனவரியில் வெளிவந்த லெட் ஸெப்பலின் குழுவின் முதல் ஆல்பம் அதுவே. பிளாக் ஸாபத் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபர் 16 அன்று, ஒரே நாளில், மேடையில் வாசிப்பது போலவே வாசித்துப் பதிவு செய்தார்கள். இவ்விரு ஆல்பங்களும் ஒரு வகையில் டெமோவின் குணத்தை உடையவை: வேகமாக முடிந்தவை, அலங்காரம் குறைந்தவை, கச்சேரியின் சூடு ஆறாதவை. பின்னால் வந்தவர்கள் டெமோவிலிருந்து ஆல்பத்துக்குப் போகும் வழியில் இழந்துவிடக் கூடாதென்று அஞ்சியதும் இந்தச் சூட்டைத்தான்.

அந்த அச்சம் வீணானதன்று என்பதற்குக் குவீன் குழுவின் முதல் ஆல்பம் நல்ல திருஷ்டாந்தம். 1971-இல் லண்டனின் வெம்பிளிப் பகுதியில் டி லேன் லீ என்ற ஸ்டூடியோ புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபோது, ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குப் போகிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்கு உரக்க வாசிக்கும் குழு ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. குவீன் குழுவினர் அந்தச் சோதனைக்கு இசைந்து, அதற்குப் பிரதியாக ஐந்து பாடல்களை இலவசமாகப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு டிரைடன்ட் ஸ்டூடியோவில், பணம் கொடுக்கும் பெரிய மனிதர்கள் போன பிற்பாடு மிஞ்சிய நேரங்களில், அதே பாடல்களை மறுபடியும் பதிந்தார்கள். 'தி நைட் கம்ஸ் டவுன்' என்ற பாட்டு மட்டும் எத்தனை முயன்றும் முதலில் வந்த பக்குவத்துக்கு வரவில்லை. கடைசியில் டி லேன் லீயில் பதிந்த டெமோவையே, கலவையை மட்டும் மாற்றி, 1973 ஜூலையில் வெளியான ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆல்பத்தை வரிசையாகக் கேட்டு வருகிற ஒருவருக்கு இந்தப் பாட்டு வந்ததும் காற்றோட்டமான வேறோர் அறைக்குள் நுழைந்துவிட்டது போன்ற உணர்ச்சி உண்டாவதற்குக் காரணம் அதுதான். உண்மையிலேயே அது வேறோர் அறையில் பிறந்த ஒலி.

குவீன் குழுவினர் ஒரு பாட்டளவில் செய்ததை ஏறக்குறைய ஆல்பம் முழுவதற்கும் செய்து முடித்தவர் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வாழ்ந்த டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் முதுநிலைப் பட்டம் பெற்று, போலராய்டு கம்பெனியில் பொறியாளராக வேலை பார்த்த இந்த மனிதர், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் ஒலிப்பதிவுக் கருவிகளில் போட்டு, வாட்டர்டவுன் என்ற ஊரில் தாம் குடியிருந்த வீட்டின் அடித்தளத்தில் ஒரு ஸ்டூடியோவை உண்டாக்கிக்கொண்டார். பகலில் ஆபீஸ், இரவில், தாளக்கருவி நீங்கலாக ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாமே வாசித்துப் பதிவது, அவற்றின்மேல் பிராட் டெல்ப் என்ற பாடகரின் மிக உயர்ந்த ஸ்தாயியில் சஞ்சரிக்கும் குரலை அடுக்கடுக்காகச் சேர்ப்பது. இப்படிப் பல ஆண்டு உழைத்த நாடாக்களைப் பல கம்பெனிகள் வேண்டாமென்று திருப்பின. இறுதியில் எபிக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு ஒரு நிபந்தனையும் விதித்தது: பாட்டுகளை நல்ல ஸ்டூடியோ ஒன்றில், தேர்ந்த தயாரிப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில், புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் நடந்த காரியம் ஹார்ட் ராக் சரித்திரத்திலேயே விசேஷமானது. தயாரிப்பாளராக நியமனமான ஜான் பாய்லன், ஷோல்ஸின் அடித்தளத்தில் கேட்ட ஒலி வேறெங்கும் கிடைக்காது என்பதைப் புரிந்துகொண்டார். குழுவின் மற்றவர்களை அவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு அழைத்துச் சென்று வேலை மும்முரமாக நடப்பதாகக் கம்பெனி நினைத்துக்கொள்ளும்படி செய்தார். ஷோல்ஸோ வாட்டர்டவுனிலேயே தங்கித் தம் டெமோவை அங்கேயே, அதே கருவிகளில், அதே விதமாக மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு பிராவிடன்ஸ் நகரத்திலிருந்து ஒலிப்பதிவு வண்டி ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்று, அடித்தள ஜன்னல் வழியாகக் கம்பிகளை உள்ளே இழுத்து, அந்த நாடாக்களிலிருந்த ஒலியை 24 தடங்கள் கொண்ட பெரிய நாடாவுக்கு மாற்றிக்கொண்டு போயிற்று. லாஸ் ஏஞ்சலஸில் முழுமையாகப் பதிவானது 'லெட் மீ டேக் யூ ஹோம் டுநைட்' என்ற பாட்டு மட்டுமே. 1976 ஆகஸ்டில் வெளிவந்த 'பாஸ்டன்' என்ற அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 17 மில்லியன் பிரதிகளுக்கான சான்று பெற்றிருக்கிறது. வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதைப் பெரிய ஸ்டூடியோவின் நுட்பத்துக்கு உதாரணமாகவே எண்ணி வந்தார்கள்.

பாய்லன் செய்தது சாமானியமான காரியமன்று. தயாரிப்பாளர் என்ற பதவியில் இருப்பவருக்கு எதையாவது மாற்ற வேண்டும் என்ற உந்துதல் இயல்பாகவே இருக்கும். மாற்றினால்தான் அவருடைய கைவண்ணம் தெரியும். மாற்றாமல் காப்பாற்றுவதற்கு, தம் பெயரையும் பதவியையும் பணயம் வைத்துக் கம்பெனிக்கே ஒரு கண்கட்டு வித்தை காட்டத் துணிந்தவரின் ரசனையை எவ்வளவு போற்றினாலும் தகும். வெளியுலகில் ஷோல்ஸுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்காவது இவருக்குச் சேரவேண்டியது என்றே நினைக்கிறேன்.

டெமோவுக்கு வேறொரு வாழ்வும் உண்டு. கம்பெனிக்காகப் பதிவான நாடா கம்பெனியைத் தாண்டி ரசிகர்களின் கைக்கே போய்விடுவதுண்டு. அயர்ன் மெய்டன் குழு 1978-ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் கேம்பிரிட்ஜில் ஒரு சிறு ஸ்டூடியோவில் பதிந்த பாடல்கள், லண்டனின் ஹெவி மெட்டல் ரசிகர்கள் கூடும் ஸவுண்ட்ஹவுஸ் என்ற இடத்தில் ஒலித்துப் பிரசித்தி பெற்று, அடுத்த ஆண்டு 5,000 பிரதிகள் கொண்ட சிறு தட்டாகவே வெளிவந்தன. 1980-இல் வந்த முதல் ஆல்பத்தின் தயாரிப்பு, குழுத் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸுக்கு ஒருபோதும் திருப்தி அளிக்கவில்லை. பழைய சிறு தட்டைத் தேடி ரசிகர்கள் அலைந்ததில் ஆச்சரியம் என்ன? மெட்டாலிகா குழுவின் 'நோ லைஃப் டில் லெதர்' 1982-இல் காஸெட்டுக்குக் காஸெட் பிரதியெடுத்துத் தபாலில் ஊர்விட்டு ஊர் போனது. அதில் இருந்த ஏழு பாடல்களும் மறு ஆண்டு வந்த 'கில் எம் ஆல்' ஆல்பத்தில் இடம்பெற்றன. ஆனால் வாசித்தவர்களில் பாதிப்பேர் மாறிவிட்டார்கள். டெமோவில் முதன்மைக் கிட்டார் வாசித்த டேவ் மஸ்டேன் விலக்கப்பட்டு, 'தி மெக்கானிக்ஸ்' என்று அவர் கொண்டுவந்த பாட்டு, வேகம் தணிந்து, வரிகள் மாறி, 'தி ஃபோர் ஹார்ஸ்மென்' என்ற பெயரில் வெளிவந்தது. மஸ்டேன் தாம் புதிதாக உண்டாக்கிய மெகாடெத் குழுவின் முதல் ஆல்பத்தில், 1985-இல், அதே பாட்டைப் பழைய பெயரிலேயே இன்னும் வேகமாக வாசித்தார். ஒரே டெமோவிலிருந்து இரண்டு குழுக்களின் முதல் ஆல்பங்களுக்கு ஒரு பாட்டு பிரிந்து சென்ற இந்த விந்தை வேறெங்கும் நிகழ்ந்ததாக எனக்கு நினைவில்லை. கன்ஸ் அண்ட் ரோசஸ் குழு 1986-இல் ஸவுண்ட் ஸிட்டி என்ற ஸ்டூடியோவில் நஸரெத் குழுவின் மேனி சார்ல்டன் முன்னிலையில் பதிந்த டெமோக்களில், மறு ஆண்டு வந்த 'அப்படைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' ஆல்பத்தின் பாட்டுகளோடு கூட, 1991-ஆம் ஆண்டு வரை வெளிவராமல் காத்திருந்த 'நவம்பர் ரெயின்' பாட்டும் இருந்தது. முதல் ஆல்பத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்பதைப் போலவே எதை எடுத்து வைக்க வேண்டும் என்பதும் தனிக் கலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அத்தனை நீண்ட, பியானோவின்மேல் நடக்கும் பாட்டு அந்த முதல் ஆல்பத்தின் கோபத்துக்கு நடுவே வந்திருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும்.

இத்தனையும் ஒருபுறமிருக்க, டெமோவுக்கும் முதல் ஆல்பத்துக்கும் உள்ள சம்பந்தத்தை முழுமையாகப் படிக்க வேண்டுமானால் வான் ஹேலன் குழுவிடம்தான் வர வேண்டும். ஏனெனில் இங்கே டெமோ ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டும் இரு வேறு ரசனைகளின் கீழ் பதிவானவை. அவற்றைத் தொடர்ந்த ஆல்பமோ ஹார்ட் ராக் கிட்டாரின் போக்கையே மாற்றியது.

சகோதரர்கள் அலெக்ஸும் எடியும் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர்கள். தகப்பனார் யான் வான் ஹேலன் கிளாரினெட்டும் ஸாக்ஸபோனும் வாசித்துப் பிழைத்த வித்வான்; தாயார் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர். 1962-இல் அமெரிக்கா வந்து கலிஃபோர்னியாவின் பாஸடீனா நகரில் குடியேறிய அந்தக் குடும்பத்தில், பிள்ளைகள் இருவருக்கும் முதலில் பியானோப் பயிற்சியே அளிக்கப்பட்டது. டேவிட் லீ ராத் என்ற பாடகரும் மைக்கேல் ஆன்டனி என்ற பாஸ் வாத்தியக்காரரும் 1974 வாக்கில் வந்து சேர்ந்த பிறகு, வீட்டுத் தோட்டங்களில் நடக்கும் விருந்துகளிலும், ஹாலிவுட் ஸன்ஸெட் வீதியின் கிளப்புகளிலும், பிறருடைய பாட்டுகளையும் தங்களுடைய பாட்டுகளையும் கலந்து, ஒரே இரவில் பல மணி நேரம் வாசித்துத் தேறிய குழு அது. கூட்டம் ஆடுவதற்கு வந்த கூட்டம். பாட்டு சற்றே தொய்ந்தாலும் தளம் காலியாகிவிடும். அந்தக் கண்டிப்பான பரீட்சையில் பல ஆண்டு தேறியதால்தான் அவர்களுடைய பாட்டுகளில் அநாவசியமாக ஒரு ஸ்வரமும் நிற்பதில்லை.

1976-இல் ஹாலிவுட் கிளப் ஒன்றில் இவர்களைக் கேட்ட கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் பிரமித்துப் போனார். லாஸ் ஏஞ்சலஸில் ஒலிப்பதிவைத் தொடங்கிப் பிறகு அவர்களை நியூ யார்க்குக்கு அழைத்துச் சென்று, எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் அதை முடித்தார். கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தமக்கென்று கட்டிக்கொண்டு, 1970-இல் திறப்பு விழா நடந்த சில வாரங்களிலேயே காலமாகிவிட்ட அதே ஸ்டூடியோ அது. சிம்மன்ஸுக்கு அந்த இடத்தின்மேல் ஒரு விசுவாசம் இருந்ததற்குக் காரணமும் உண்டு. 1973 மார்ச்சில் கிஸ் குழு தன் ஐந்து பாடல் டெமோவை ஒலிப்பதிவாளர் எடி கிரேமரைக் கொண்டு பதிவு செய்ததும் அங்கேதான். அந்த டெமோவின் முரட்டுத்தனம் மறு ஆண்டு வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் இல்லை என்று குறைப்படும் ரசிகர்கள் இன்றும் பலர். தமக்கு வழி திறந்த கதவைப் பிறருக்கும் திறந்துவிட நினைத்த அந்த நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

பத்துப் பாடல்கள் கொண்ட வான் ஹேலனின் இந்த முதல் டெமோவின் பிரதிகள் ரசிகர்களிடையே பல்லாண்டுகளாகச் சுற்றி வருகின்றன. கேட்டால் முதலில் தோன்றுவது, குழு ஏற்கெனவே பக்குவப்பட்டுவிட்டது என்பது. இரண்டாவதாகத் தோன்றுவது, கிட்டார் தன் இயல்பில் இல்லை என்பது. மேடையில் எடி ஒரே கிட்டாரில் தாளத்துக்கான அடியையும் இடையிடையே பாய்ந்து வரும் அலங்காரத்தையும் ஒரே மூச்சில் வாசித்து வந்தவர். ஸ்டூடியோவிலோ அக்கால வழக்கப்படி, முதலில் தாளப்பகுதி முழுவதையும் வாசித்துவிட்டு, பிறகு அதன்மேல் அலங்காரத்தைத் தனியே வாசித்துச் சேர்க்கும்படி ஆயிற்று. இந்த அடுக்குமுறை தமக்குப் பழக்கமில்லை என்பதையும், அதில் தமக்கு மனம் ஒன்றவில்லை என்பதையும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பிரசங்கியின் பேச்சை எடுத்து, வினாக்களை ஒருநாளும் விடைகளை மறுநாளும் பேசச் சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படிப்பட்ட ஒரு பிளவு அந்த நாடாவில் கேட்கிறது. கிஸ் குழுவின் மானேஜர் பில் ஆக்காயின் இதைக் கேட்டுவிட்டு வேண்டாமென்றார். குழுவின் பெயரை 'டாடி லாங்லெக்ஸ்' என்று மாற்றலாம் என்ற சிம்மன்ஸின் யோசனையும் அதோடு போயிற்று. நால்வரும் நாடாவோடு பாஸடீனாவுக்குத் திரும்பினார்கள்.

மறு ஆண்டு, 1977-இல், ஸ்டார்வுட் கிளப்பில் அவ்வளவாகக் கூட்டமில்லாத ஓர் இரவில், வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மன் அவர்களைக் கேட்டார். கம்பெனித் தலைவர் மோ ஆஸ்டினையும் அழைத்துவந்து கேட்கச் செய்தார். உடன்பாடு சீக்கிரத்தில் ஆயிற்று. பிறகு டெம்பிள்மன் செய்த முதல் காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஹாலிவுட்டில் ஸன்ஸெட் ஸவுண்ட் என்ற ஸ்டூடியோவுக்கு, ஒரு காலத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையாக இருந்த கட்டடத்துக்கு, குழுவை வரவழைத்து, கைவசம் இருந்த சுமார் 25 பாடல்களையும் மேடையில் வாசிப்பது போல நின்ற நிலையில் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார். இது இரண்டாவது டெமோ. இதைக் கம்பெனியின் சம்மதம் பெறுவதற்காக அவர் செய்யவில்லை; சம்மதம் முன்பே கிடைத்துவிட்டது. இந்தக் குழுவிடம் என்ன இருக்கிறது என்பதைத் தாம் தெரிந்துகொள்வதற்காகவே செய்தார். நான் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன, கம்பெனி அதிகாரியின் ஒரு நிமிஷத்துக்குப் பயந்து பதிவாகும் டெமோவிலிருந்து இது முற்றிலும் மாறுபட்டது. சிம்மன்ஸ் நாடா பிறருக்குக் காட்டுவதற்காகப் பதிவானது. டெம்பிள்மன் நாடா கேட்டு அறிவதற்காகப் பதிவானது.

கேட்டறிந்ததன் பலன் ஆல்பத்தில் தெரிகிறது. அதே ஸ்டூடியோவில், சுமார் மூன்று வாரங்களில், டான் லாண்டி என்ற ஒலிப்பதிவாளரின் துணையோடு முடிந்து, 1978 பிப்ரவரி 10 அன்று 'வான் ஹேலன்' என்ற பெயரிலேயே வெளிவந்த அந்த ஆல்பத்தில், சில பாட்டுகளைத் தவிர மற்றவற்றில் ஒரே கிட்டார்தான் ஒலிக்கிறது. அந்தக் கிட்டாரை இடதுபக்க ஒலிபெருக்கியில் நிறுத்தி, அதன் எதிரொலியை மட்டும் வலதுபக்கம் அனுப்பியிருக்கிறார்கள். நடுவிடம் ட்ரம்ஸுக்கும் பாஸுக்கும் ராத்தின் குரலுக்கும் விடப்பட்டிருக்கிறது. காதில் ஹெட்ஃபோன்களை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தை மூடிக் கேட்டால் இந்த ஏற்பாடு துலாம்பரமாக விளங்கும்: வலது காதில் வாத்தியம் இல்லை, வாத்தியம் ஒலித்த இடம் மட்டும் இருக்கிறது. ஒருவர் தனியே வாசித்தும் ஒலி மெலிந்துபோகாமல் நிற்பதற்கு இதுவே காரணம். சிம்மன்ஸ் நாடாவில் மேலும் மேலும் சேர்த்துத் தேடிய நிறைவை இவர்கள் வெற்றிடத்தைக் கொண்டே உண்டாக்கினார்கள்.

இரண்டு நாடாக்களையும் ஆல்பத்தையும் இணைக்கும் ஒரு பொருளை இங்கே அருகில் வைத்துப் பார்க்கலாம். தங்கள் பழைய கார்களிலிருந்து கழற்றிய ஹாரன்களை ஒரு பெட்டியில் வரிசையாகப் பொருத்தி, கார் பாட்டரியோடு இணைத்து, காலால் மிதித்தால் எல்லாம் சேர்ந்து அலறும்படி இக்குழுவினர் ஒரு கருவி செய்து வைத்திருந்தார்கள். கிளப் மேடையில் அது ஒரு வேடிக்கை; சிம்மன்ஸ் நாடாவிலும் அதன் சத்தம் வருகிறது. டெம்பிள்மன் அந்த அலறலை எடுத்து, நாடாவின் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, கீழ் ஸ்தாயியில் இறங்கித் தேய்ந்துவரும் ஒரு முழக்கமாக மாற்றி, ஆல்பத்தின் முதல் ஒலியாக வைத்தார். அதன் முடிவில் மைக்கேல் ஆன்டனியின் பாஸ் ஒரே ஸ்வரத்தில் அடியெடுத்து வைக்க, 'ரன்னின் வித் த டெவில்' தொடங்குகிறது. மேடைச் சேஷ்டை ஒன்று இசையாக மாறியது இப்படித்தான்.

எடியின் கிட்டாரும் இத்தகைய பிறவியே. மலிவு விலையில் வாங்கிய ஓர் உடற்பகுதி, தனியே வாங்கிய ஒரு கழுத்து, கிப்ஸன் கிட்டாரிலிருந்து பெயர்த்தெடுத்த ஒலிவாங்கி ஒன்று, மேலே ஸைக்கிளுக்கு அடிக்கும் வர்ணம். அதை 100 வாட் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, மின்சாரத்தின் அழுத்தத்தை வேரியாக் என்ற கருவியால் தணித்து, முழு விசையில் திறந்துவிட்டும் சத்தம் கட்டுக்குள் இருக்கும்படி செய்துகொண்டார். 'இரப்ஷன்' என்று பெயர் பெற்ற 1 நிமிஷம் 42 விநாடித் தனி வாசிப்பு, இரண்டு கைவிரல்களாலும் தந்தியைத் தட்டி வாசிக்கும் முறையை உலகெங்கும் பரப்பிய வாசிப்பு, ஆல்பத்துக்கென்று திட்டமிடப்பட்டதே அன்று. மேடைக் கச்சேரிக்காக எடி விரல்களைப் பழக்கிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகக் கேட்டுப் பதிந்ததே அது. அதில் ஓரிடத்தில் தாம் தவறிவிட்டதாக அவர் பிற்காலம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தவற்றைத் திருத்தாமல் விட்ட டெம்பிள்மனுக்கும் லாண்டிக்கும் இசையுலகம் கடமைப்பட்டிருக்கிறது.

டெம்பிள்மன் எல்லாவற்றிலும் ஒரே உறுதியோடு இருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. ராத்தின் குரல்வளத்தில் அவருக்கு ஐயம் இருந்தது. மான்ட்ரோஸ் குழுவில் தாம் முன்பு பதிவு செய்திருந்த ஸாமி ஹேகரை ராத்துக்குப் பதிலாகக் கொண்டுவரலாமா என்றுகூட அவர் யோசித்ததை 2020-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அந்த யோசனையைக் கைவிட்டது முதல் ஆல்பத்தின் பாக்கியம். ராத் பெரிய பாடகர் அல்லர். ஆனால் எடியின் கிட்டார் விட்டு வைத்த இடைவெளிகளில் பேசவும், கூவவும், சிரிக்கவும் தெரிந்தவர். 1985-இல் அவர் விலகி ஹேகரே அக்குழுவின் பாடகராக வந்தபோது, பாட்டு மேலும் சுத்தமாயிற்று; அந்த இடைவெளிகள் மறைந்தன.

ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 19-ஆம் இடம்வரை ஏறியது; காலப்போக்கில் அமெரிக்காவில் பத்து மில்லியன் பிரதிகளுக்கான வைரச் சான்று பெற்றது. அதில் உள்ள 11 உருப்படிகளில் சிம்மன்ஸ் நாடாவிலிருந்து வந்தவை 'ரன்னின் வித் த டெவில்', 'ஆன் ஃபயர்' ஆகிய இரண்டே. மீதி எட்டும் என்னவாயின என்று பின்தொடர்ந்து போவது இந்த ஆய்வில் மிகுந்த ருசியுள்ள பகுதி. 'ஸம்படி கெட் மீ எ டாக்டர்' 1979-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் சேர்ந்தது. 'ஹவுஸ் ஆஃப் பெயின்' வரிகள் மாறி '1984' என்ற ஆல்பத்தின் கடைசிப் பாட்டாயிற்று. இரண்டாவது ஆல்பத்தை அவசரமாகச் செய்ய நேரும் குழுக்கள் எல்லாம் அதில் தடுமாறுவதையும், வான் ஹேலன் தடுமாறாததையும் ஒப்பிடுகிறவர்கள், இந்த டெமோக் களஞ்சியத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

களஞ்சியம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. பல ஆண்டுப் பிரிவுக்குப் பின் ராத் திரும்பிவந்து, 2012-இல் 'எ டிஃபரென்ட் கைண்ட் ஆஃப் ட்ரூத்' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, அதன் பல பாட்டுகள் 1970-களின் நாடாக்களிலிருந்தே எடுக்கப்பட்டன. 'பிக் ட்ரபிள்' என்பது 'பிக் ரிவர்' ஆயிற்று. 'லெட்ஸ் கெட் ராக்கின்' என்பது 'அவுட்டா ஸ்பேஸ்' ஆயிற்று. 'புட் அவுட் த லைட்ஸ்' என்பது 'பீட்ஸ் வொர்க்கின்' ஆயிற்று. மைக்கேல் ஆன்டனியின் இடத்தில் பாஸ் வாசித்தவர் எடியின் மகன் வுல்ஃப்கேங், 1991-இல் பிறந்தவர், தாம் பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பதிவான பாட்டுகளை அவர் வாசித்தார். சில விமரிசகர்கள் பழைய சரக்கைத் தூசு தட்டிக் கொடுக்கிறார்கள் என்று குறை சொன்னார்கள். அந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. 'ஷீ இஸ் த வுமன்' என்ற பாட்டைப் பழைய நாடாவிலும் புதிய ஆல்பத்திலும் அடுத்தடுத்துக் கேட்டால், பல்லவியை நோக்கிப் போகும் பகுதிகள் ஏறக்குறைய மாறாமல் இருப்பதும், நடுப்பகுதி மட்டும் முற்றிலும் புதிதாக இருப்பதும் தெரியவரும். பழைய நடுப்பகுதியை எடி 1981-ஆம் ஆண்டிலேயே எடுத்து 'மீன் ஸ்ட்ரீட்' என்ற பாட்டில் வைத்துவிட்டார். ஆகவே முப்பத்தைந்து ஆண்டு கழித்துப் பாட்டு வீடு திரும்பியபோது, அவர் அந்த இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் இசையமைக்க வேண்டியிருந்தது.